பூவாடைக்கு ஒரு புடவை

கம்பெனி பஸ்ஸில் திருவள்ளூரில் ஏறி உட்கார்ந்தால் கும்மிடிப்பூண்டி வரைக்கும் தூக்கம்தான். நடுவில் பெரியபாளையம் கோயில் வருகிறபோது மட்டும் கண்ணைத் திறக்காமலே கையெடுத்துக் கும்பிடுவேன். இத்தனை வருஷப் பழக்கம். அம்மனுக்கு என்னைத் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டாள். போன வாரம் ஒருநாள் அந்தத் தூக்கம் கெட்டுப்போனது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பேக்கிங் செக்‌ஷன் சதீஷ் மடியில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. புதுப்புடவை வாசனை. கஞ்சியும் சாயமும் உள்ளே வைக்கிற அட்டையும் கலந்து வருமே, அதுதான். அவன் தங்கைக்குக் கல்யாணமாம். சித்திக்கு எடுத்த புடவையின் கலர் அந்தம்மாவுக்குப் பிடிக்கவில்லையாம். ஷிப்ட் முடிந்ததும் கும்மிடிப்பூண்டி பஜாரில் மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சலித்துக்கொண்டான்.

பேச்சுக்கு, பூவாடைக்கு எடுத்தாச்சா என்று கேட்டேன். "அது இன்னா சார்?" என்றான். அவன் ஒன்றும் மதுரைப்பக்கத்துப் பையன் இல்லை, பூண்டி ஏரிப்பக்கம்தான் அவன் ஊர். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் செத்துப்போன பொம்பளைக்குப் படைப்பார்களே என்றேன். "எங்கம்மா இன்னாமோ சாமி கும்புடுவாங்க சார். பேரெல்லாம் தெர்ல" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஏனென்று சொல்கிறேன். வருகிற தை மாதம் என் பெண் திவ்யாவுக்குக் கல்யாணம். நானும் பூவாடைக்குப் புடவை எடுக்கவேண்டும். அதில் நான் மாட்டிக்கொண்டு நிற்கிற இடம், வெளியில் சொல்ல வெட்கமான இடம்.

முதலில் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகவோ, தாலியோடோ செத்துப்போன வீட்டுப் பெண்ணை எங்கள் பக்கம் பூவாடைக்காரி என்போம். பூவும் ஆடையும் வைத்துக் கும்பிடுவதால் வந்த பேர் என்பார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், புலவர் யாராவது வேறு சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். ஆர்.கே.பேட்டையிலிருந்து வருகிற தெலுங்குக்கார ஃபிட்டர் ஒருவர் அதே ஆளைப் பேரண்டாலு என்பார். பேர்தான் வேறு, அங்கேயும் புடவை உண்டு, பூ உண்டு. பூவாடையை நாங்கள் 'செய்வது' இல்லை, 'அழைப்பது'. உயிரோடு இருக்கிற மனுஷிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரிதான்.

இப்படி வீட்டுக்குள் புழங்கிய சொற்கள் எத்தனையோ. கல்யாண ஜோடிக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சுற்றுவது ஆலம். கண்ணு பட்டதற்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவது கழிப்பு. வீட்டுக்கு நடுவில் இலை போட்டுப் படைப்பது நடூட்டுப் படையல். கம்பெனியில் சேர்ந்த புதிதில் இந்தச் சொற்களையெல்லாம் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியூர் அதிகாரிகள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. கொஞ்சம் கொஞ்சமாக நான் ஆரத்தி என்றும் திருஷ்டி என்றும் மாறிக்கொண்டேன். பூவாடைக்கு லீவு கேட்கும்போது 'குலதெய்வ வழிபாடு' என்பேன். அப்படிச் சொல்லும்போது முதுகுகூடக் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். அந்த நிமிர்வை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி பெரியம்மா. அப்பாவின் முதல் சம்சாரம். திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா அப்போது பிறத்தியார் கழனியில் கூலிக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்டு வந்த கொஞ்ச காலத்திலேயே ஜுரத்தில் போய்விட்டாள் பெரியம்மா. அவளுக்குப் பிள்ளையும் இல்லை, ஒரு போட்டோவும் இல்லை. பிறகு அப்பா என் அம்மாவைக் கட்டினார். காக்களூரில் இரும்பு வார்க்கிற பட்டறையில் வேலைக்கும் போனார். இரண்டாம் தாரமாக வந்தவளை எங்கள் பக்கம் எளையா என்பார்கள், முதலில் வந்தவள் மூத்தா. அம்மாவுக்குச் சரோஜா என்று ஒரு பேர் உண்டு. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குழாயடியிலும் எளையா, ரேஷன் கடையிலும் எளையா. நான் எளையா ஊட்டுப் பையன். பள்ளிக்கூடத்தில் எவனாவது அப்படிச் சொன்னால் அடிக்கப் போவேன், அடி வாங்கிக்கொண்டு வருவேன்.

நான் கண்ணால் பார்க்காத பெரியம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. அரக்கு நிறப் புடவையில் மஞ்சள் கரை போட்டிருந்தால் அவளுக்கு உயிர். கனகாம்பரம் வைக்கவேண்டும், மல்லி ஆகாது, தலைவலி வந்துவிடும். வடையில் சோம்பு போட்டால் தொடமாட்டாள். அவரைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு கட்டாயம் வேண்டும். இத்தனையும் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அம்மா கல்யாணமாகி வந்த முதல் வருஷமே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அம்மா ஒன்றைக்கூட மறந்ததில்லை. செத்துப்போனவளுக்குத் தலைவலி வரக்கூடாது என்று எங்கள் வீட்டுக்கு மார்கழி மாதம் முழுக்க மல்லிப்பூவே வராது.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அழைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பொழுது சாய்கிற நேரத்தில் அம்மா ஏரி மதகுக்குப் போய்ப் புதுக்குடத்தில் தண்ணீர் மொண்டு, கனகாம்பரம் சுற்றி, ஈரப்புடவையோடு சுமந்துகொண்டு வருவாள். நடுவீட்டில் நெல் பரப்பி அதன்மேல் குடம். பக்கத்தில் தாம்பாளத்தில் நனைத்து உலர்த்திய புதுப்புடவை, முனையில் மஞ்சள் தடவியது. இலையில் எல்லாம் வைத்தபிறகு அம்மா கை கூப்பிக் கூப்பிடுவாள். "அக்கா, இது உன் ஊடு. உன் புள்ளைங்களுக்கு ஒரு கொறையும் வராம பாத்துக்க. வந்து குந்து." உன் பிள்ளைகள் என்றால் நானும் என் தங்கையும்தான். எனக்கு அது விசித்திரமாகவே பட்டதில்லை.

கூப்பிட்டபிறகு கவுளி சொல்லவேண்டும். பல்லியைத்தான் கவுளி என்போம். அது சொன்னால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். அதுவரை இலையில் கை வைக்கமுடியாது. ஒரு வருஷம் கவுளி சொல்லவே இல்லை. அம்மா மறுபடி மறுபடி கூப்பிடுகிறாள், அத்தை என்ன குறை வைத்தாய் என்று முறைக்கிறாள், எனக்கோ வடை வாசனையில் வயிறு கூவுகிறது. கதவுக்குப் பின்னால் போய் நின்று நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி நானே கவுளி சொல்லிவிட்டேன். "வந்துட்டா" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மா திரும்பிக் கதவைப் பார்த்தாள். வடை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் என் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினாள், வலிக்காமல்.

படைத்த புடவையை வீட்டு சுமங்கலி கட்டிக்கொள்ளவேண்டும். அம்மா உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வருவாள். கட்டிக்கொண்டு வந்தபிறகு அவள் அம்மா இல்லை, பெரியம்மா. அத்தை அவள் காலைத் தொட்டுக் கும்பிடும், நாங்களும் விழுவோம். வருஷம் முழுக்க எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சம் மீதியை அடுப்படியில் உட்கார்ந்து தின்கிற அம்மா, அன்றைக்கு முதல் இலையில் உட்காருவாள். அப்பா பரிமாறுவார். இரும்புத் தணல் பட்டுக் காய்த்துப்போன கையால் அவள் இலையில் குழம்பு ஊற்றி, "போதுமா, இன்னங் கொஞ்சம் ஊத்தட்டுமா" என்று மெதுவாகக் கேட்பார். மற்ற நாளில் அப்பா அம்மாவிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டே போதும் என்பாள். அவள் அப்படி ராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். அந்த மரியாதை யாருக்குப் போகிறது என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. அப்போதுதான் இல்லை என்றால் பரவாயில்லையே, தலை நரைக்கிறவரைக்கும் வரவில்லையே.

வருஷத்துக்கு அந்த ஒரு புடவைதான் அம்மாவுக்கு. எல்லாம் அரக்கு, எல்லாம் மஞ்சள் கரை. ஒன்று வெளுத்துப் பழுப்பாகிறபோது அடுத்தது வந்துவிடும். எடுக்கப் போவது அப்பாவும் அத்தையும். கடைக்குப் போவதே பெரியம்மாவுக்கு எடுக்கத்தான் என்றான பிறகு அம்மாவுக்கு அங்கே என்ன வேலை? யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை.

ஒரே ஒரு தடவை அப்பா இரண்டு புடவை எடுத்துக்கொண்டு வந்தார். பட்டறையில் அந்த வருஷம் போனஸ் நன்றாகக் கொடுத்திருந்தார்கள். பையை அம்மா கையில் கொடுத்து, "ஒண்ணு மூத்தாளுக்கு, ஒண்ணு ஒனுக்கு" என்றார். அவரைப் பொறுத்தவரை அது நீளமான பேச்சு. அம்மா இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வந்தது. தாம்பாளத்தில் இரண்டு புடவையும் இருந்தன. அப்பா, அதை எதுக்கு அங்க வெச்ச என்று கேட்டார்.

"அவங்களுக்குப் படைக்காத பொடவ எனுக்கு எதுக்கு?" என்றாள் அம்மா.

அப்பா முகம் கழுவப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் இரண்டு எடுத்ததில்லை. அம்மாவின் இந்தப் பேச்சைப் பெருமையாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா? சக்களத்தி என்கிற நினைப்பே கிடையாது எங்கம்மாவுக்கு, தெய்வம், அப்படி இப்படி என்று கேன்டீனில் கண் கலங்கப் பேசியிருக்கிறேன். இப்போதுதான் தோன்றுகிறது, அப்பா இன்னொரு தடவை சொல்லுவார் என்று அவள் காத்திருந்தாளோ என்னமோ. இது உனக்குத்தான் எடுத்தேன், எடு என்று அவர் தாம்பாளத்திலிருந்து எடுத்துக் கையில் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாளோ. அல்லது நிஜமாகவே வேண்டாம் என்றுதான் சொன்னாளோ. இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்க எவ்வளவோ காலம் இருந்தது.

அப்பா போனபிறகு அந்தப் புடவையும் அம்மாவுக்கு இல்லாமல் போயிற்று. சுமங்கலிதானே கட்டவேண்டும்? அது என் மனைவி கலாவுக்கு வந்தது. திருவள்ளூரில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். ஏரிக்குப் பதில் மோட்டார் தண்ணீர், நெல்லுக்குப் பதில் அரிசி. குடத்தைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்வதற்கு முன்னால் அம்மாவே சமையல்கட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்தபடியே, கனகாம்பரத்தை இப்படிச் சுற்று, அரிசியை அப்படிப் பரப்பு என்று கலாவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். கட்டிக்கொள்ள என்ன கொடுத்தோம் என்று கேட்கிறீர்களா? கலா கட்டி அலுத்தது, என் தங்கை கொண்டுவந்து போட்டது, ஆயுதபூஜைக்குக் கம்பெனியில் கொடுத்தது. நல்ல புடவைகள்தான், கிழிசல் இல்லை. இந்த 'கிழிசல் இல்லை'யை நான் ஒரு சமாதானமாகச் சொல்லிக்கொள்வதை நீங்களே கவனித்திருப்பீர்கள். போன ஆனியில் அம்மா போய்விட்டாள்.

கல்யாணம் நிச்சயமானதும் பூவாடைப் பேச்சு வந்தது. இந்தத் தடவை அம்மாவுக்கும் ஒரு புடவை வைத்து அழைக்கிறேன் என்றேன். வாழ்நாள் முழுக்க இன்னொருத்தியை அழைத்த வாய், அவளை ஒருதடவை நாம் அழைக்கவேண்டாமா? அத்தைக்கு வயதாகிவிட்டது, கண் மங்கல், ஆனால் சட்டம் மங்கவில்லை. "தாலி அறுத்தவளுக்குப் பூவாடை கெடையாது நைனா. அவ தெவசத்துல ஒரு துணி வெச்சுக்க. நல்ல காரியத்துல இதெல்லாம் ஆவாது" என்றது. எனக்கு வந்த கோபத்தில், அப்படியென்றால் பெரியம்மாவுக்கும் வேண்டாம், நடுவீட்டில் ஃபோட்டோக்காரனுக்கு லைட் போட இடமாவது கிடைக்கும் என்று கத்திவிட்டேன். அத்தை அழுதது. கலா வந்து சமாதானம் செய்தாள். கடைசியில் அத்தை, என்னமோ உன் ஊடு, உன் அம்மா, செய்துகொள் என்று விட்டுவிட்டது. ஜெயித்த மிதப்பில் போன ஞாயிற்றுக்கிழமை கலாவையும் திவ்யாவையும் கூட்டிக்கொண்டு திருவள்ளூர் கடைத்தெருவுக்குப் போனேன்.

பெரியம்மாவின் புடவை எடுக்க நேரமே ஆகவில்லை. அரக்கு, மஞ்சள் கரை என்றேன், கவுண்டரில் இருந்த பெண் எடுத்துப் போட்டாள், முடிந்தது. என் அம்மாவுக்கு ஒன்று வேண்டும் என்றேன். "அம்மாவுக்கு இன்னா கலரு சார் புடிக்கும்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதும் நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் பச்சை, நீலம், ஊதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். அதில் ஒன்றின்மேல் என் கை போயிற்று. கலா என் பக்கம் குனிந்து, "அது மூத்தாளு கலருங்க" என்றாள். பார்த்தால் அரக்குதான். உனக்குத் தெரியுமா என்று கலாவைக் கேட்டேன். இத்தனை வருஷம் கூட இருந்தவள், தெரியவில்லையே என்று தலையைக் குனிந்துகொண்டாள். திவ்யா, பாட்டி எதைக் கொடுத்தாலும் நல்லா இருக்கு என்றுதானே சொல்லும் என்றாள். அங்கேயே ஓரமாக நின்று தங்கைக்குப் போன் போட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. பிறகு அரக்கோணத்தில் இருக்கிற மாமாவுக்கு, அம்மாவின் சொந்தத் தம்பிக்கு. "தெர்லயேப்பா. நாங்க கேட்டதில்லியே" என்றார்.

கேட்டிருக்கவேண்டிய அப்பா போய்விட்டார். கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடியவளும் போய்விட்டாள். இரண்டு நாள் முன்னால் வரை அத்தையிடம் சண்டை போட்டேனே, என் அம்மாவுக்கு மரியாதை இல்லையா என்று, அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றை எடுத்திருக்கலாம். நல்லா இருக்கு என்று அவளும் சொல்லியிருப்பாள். அதனாலேயே எடுக்கக் கை வரவில்லை.

கவுண்டர் முழுக்கப் புடவைகள் பிரித்துக் கிடந்தன. அத்தனையையும் இனி மடிக்கவேண்டும் என்ற சலிப்பு அந்தப் பெண்ணின் முகத்தில் கொஞ்சமும் இல்லை. நான் திண்டாடுவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள் போலிருக்கிறது.

"ஒண்ணும் அவசரமில்ல சார். நாளைக்கு அம்மாவயே கூட்டினு வந்துடுங்க. அவங்களே பாத்து எடுத்துக்கட்டும்" என்றாள்.

சரிம்மா என்று சொல்லிவிட்டு, பெரியம்மாவின் புடவைக்கு மட்டும் பில் போடச் சொன்னேன்.